பட்டமும் பாட்டும்: சுப்பிரமணிய பாரதியின் இளமைப் புலமையும் அதன் மறுமதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

பதினோராம் அகவையில் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றமை, சுப்பிரமணிய பாரதியின் வரலாற்றில் பெரிதும் எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சியாகும். அவ்விளமைப் புலமை எத்தகைய அவை மரபில் உருவாயிற்று, அதற்கும் முதிர்ந்த கவிதைக்கும் இடைப்பட்ட தொலைவு எத்தகையது, அப்புலமையைப் பாரதியே பிற்காலத்தில் எவ்வாறு மதிப்பிட்டார் என்பனவற்றை இக்கட்டுரை அவர்தம் வாழ்வின் வழிநின்று ஆராய்கிறது. இளமைப் புலமை மகாகவியை முன்னறிவித்தது என்னும் பொதுக் கருத்தினும், அதனைக் கடந்து சென்றமையே மகாகவியை ஆக்கியது என்னும் கருத்தே சான்றுகளோடு பொருந்துவதாக இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பாரதி, எட்டயபுரம், இளமைப் புலமை, ஈற்றடி, கனவு, சின்னச் சங்கரன் கதை, சீட்டுக்கவி.

முன்னுரை

தமிழ்ப் புலவர் வரலாறுகளில் இளமை அற்புதம் நிலைபெற்றதொரு கூறாகும். சீகாழிக் குளக்கரையில் மூன்றாம் அகவையில் பாடத் தொடங்கிய திருஞானசம்பந்தர் வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைத்தார். ஐந்தாண்டு வரை வாய் பேசாதிருந்த குமரகுருபரர் செந்தூர் முருகன் அருளால் பாடினார் என்பது வழிவழி வரும் வரலாறு. இவ்வரலாறுகளில் புலமை இறையருளின் பேறு. ஆதலின் அது முழுமையாகவே வந்து சேர்கிறது. வளர்ச்சி, தடை, திருத்தம் ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை.

பாரதியின் இளமையும் இவ்வச்சிலேயே வார்க்கப்பட்டுப் பாடநூல்களிலும் மேடைகளிலும் வழங்கி வருகிறது. சிறுவன் அவையில் பாடினான், மூத்தோர் வியந்தனர், கலைமகளின் பெயர் பட்டமாயிற்று, பின்னர் அவன் மகாகவி ஆனான் என்று வரலாறு நேர்க்கோடாக அமைந்துவிடுகிறது. ஆயின் பாரதி அச்சு ஊடகக் காலத்தவர். அவருடைய எழுத்துகளுக்கு நாளும் இதழும் உண்டு. அவரே தம் இளமையைப் பற்றிச் செய்யுளிலும் உரைநடையிலும் எழுதியுள்ளார். அச்சான்றுகளை வரிசைப்படுத்தி நோக்கும்போது நேர்க்கோடு மறைந்து, இடையறவும் மனக்கசப்பும் திருப்பமும் கொண்ட ஒரு வாழ்வு தெரிகிறது.

1. எட்டயபுரம்: அவையும் புலமையும்

இளசை எனப்படும் எட்டயபுரம் நெல்லைச் சீமையின் பழைய பாளையங்களுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் கடிகைமுத்துப் புலவர் அவ்வவையில் விளங்கினார். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அவர்தம் மாணாக்கர் என்பது வரலாறு. இசையில் முத்துசாமி தீட்சிதர் தம் இறுதி நாள்களை அங்கே கழித்து 1835இல் மறைந்தார். அம்மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904இல் எட்டயபுர அச்சகத்திலேயே வெளிவந்தது. ஆகவே பாரதி பிறந்த ஊர் கலையறியாச் சிற்றூர் அன்று. புலமைக்கு விலை உண்டு என்பதைச் சிறுவரும் அறிந்திருந்த ஊர் அது.

ஆயின் அவ்விலையைத் தரும் முறை தனித்தன்மை உடையது. ஆங்கில ஆட்சியில் படைவலியும் அரசுரிமையும் இழந்த பாளையக்காரர்கள் வரி தண்டும் சமீன்தார்களாயினர். அவர்களின் அவைகளில் புலவர்க்குரிய பணி, புரவலரைப் புகழ்தலும் பொழுதை இனிதாக்குதலும் என்ற அளவில் சுருங்கியது. சிலேடை, மடக்கு, யமகம், திரிபு, ஈற்றடிக்கு வெண்பா முடித்தல் ஆகிய சொற்றிறன்கள் பெரிதும் போற்றப்பட்டன.

இவற்றுள் ஈற்றடி விளையாட்டு இங்குக் கருதத்தக்கது. வெண்பாவின் இறுதியடி முச்சீர் கொண்டது. நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிவது. அவ்வடியை ஒருவர் தர, மற்றவர் முன்னுள்ள மூன்று அடிகளையும் தளை தட்டாமல் உடனே நிரப்ப வேண்டும். பாடுவோன் முடிவிலிருந்து பின்னோக்கிச் சென்று தொடக்கத்தைக் காண்கிறான். எதுகைச் சொற்களின் திரள் நினைவில் இருத்தல் வேண்டும். சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் வேறு பொருள் காணும் விரைவு வேண்டும். உலக அனுபவமோ வாழ்க்கை நோக்கோ இதற்கு இன்றியமையாதன அல்ல. கணிதம், சதுரங்கம், இசை ஆகியவற்றில் சிறுவர் வியத்தகு ஆற்றல் காட்டுவது, அவை விதிகளால் கட்டமைந்த துறைகள் என்பதனாலாம். ஈற்றடி வெண்பாவும் அத்தகைய துறையே. பாரதியின் இளமைப் புலமை முதலில் வெளிப்பட்ட களம் இதுவாக இருந்தமை தற்செயல் அன்று.

2. தாயை இழந்த சிறுவனும் தந்தையின் திட்டமும்

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சின்னசாமி ஐயர்க்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் சுப்பிரமணியன். வீட்டில் சுப்பையா என்பது வழங்கு பெயர். 1887இல், ஐந்தாம் அகவையில், தாயை இழந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் தந்தை மறுமணம் புரிந்தார்.

சின்னசாமி ஐயர் சமீன் தொடர்புடையவர்; கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் ஈடுபாடு மிக்கவர். எட்டயபுரத்தில் பருத்தி அரைவை ஆலை ஒன்றை நிறுவ முயன்றார். கரிசல் நிலத்தின் பருத்தி வெளிநாட்டு வணிகத்தின் பிடிக்குள் இருந்த காலம் அது. உள்ளூர் மூலதனத்தோடு தொடங்கிய அம்முயற்சி நிலைபெறவில்லை. குடும்பம் வறுமையுற்றது. இவ்வீழ்ச்சிக்கு அயலாரின் சூழ்ச்சியே காரணம் எனப் பாரதி பின்னர்ச் செய்யுளில் குறித்தார்.

இத்தகைய தந்தை மகனிடம் எதிர்பார்த்தது கவிதை அன்று. ஆங்கிலமும் கணிதமும் பொறிநுட்பமும் ஆகும். எனவே பாரதியின் இளமைத் திறனை வீடு வளர்த்தது, ஊர் கொண்டாடியது என்று பொதுப்படக் கூறிவிடுதல் பொருந்தாது. ஊர் கொண்டாடிய ஒன்றை வீடு விரும்பவில்லை. ஓடி விளையாடுதலும் குட்டையில் நீந்துதலும் மரமேறுதலும் ஒத்த சிறுவர்க்கு இயல்பாயிருக்க, தாம் தந்தையின் கட்டளைக்கு அஞ்சித் தோழமையின்றித் தனித்திருந்ததைப் பாரதி ஏக்கத்தோடு பதிவு செய்துள்ளார். தாயில்லாத அத்தனிமையில் தமிழ்ப் பாடல் அவர்க்குத் துணையாயிற்று. இளமையில் வெளிப்பட்ட திறன் இயற்கை நல்கிய கொடை எனினும், அது விரைந்து வளர்ந்ததற்கு இவ்வெறுமையும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

3. பட்டம் பற்றிய வழக்குகள்

பட்டம் பெற்ற நிகழ்ச்சி 1893ஆம் ஆண்டிற்குரியது என்பது பெரும்பான்மை வரலாற்றாசிரியர் கொள்கை. எட்டயபுரத்தில் புலவர் கூடிய அவையில் சிறுவன் சுப்பிரமணியனின் பாடும் ஆற்றலைச் சோதித்து, வியந்து, ‘பாரதி’ எனப் பட்டம் சூட்டினர் என்பது ஒரு வழக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து நெல்லைக்கு வந்த புலவர் ஒருவர் ஈற்றடி கொடுத்துப் பாடச் செய்து, பாரதிக்கும் அவர்தம் இளமை நண்பர் சோமசுந்தரத்துக்கும் ஒருசேர அப்பட்டத்தை வழங்கினார் என்பது மற்றொரு வழக்கு. அச்சோமசுந்தரமே பின்னர் நாவலர் சோமசுந்தர பாரதியாராகப் புகழ்பெற்றவர். ஒரே ஊரைச் சேர்ந்த இரு இளைஞரும் ஒரே பட்டத்தைத் தாங்கியமைக்கு இவ்வழக்கு விளக்கம் தருகிறது.

காந்திமதிநாதன் என்பார் தொடர்பான நிகழ்ச்சி இவை எல்லாவற்றினும் மிகுதியாக வழங்குவது. அகவையில் மூத்த அவர், சிறுவனை இழித்துரைக்கும் வகையில் அமைந்த ஈற்றடியைக் கொடுத்துப் பாடச் சொன்னார் என்றும், சிறுவன் அவ்வடியின் சொற்களை வேறு வகையாகப் பிரித்து இழிவு கொடுத்தவரையே சாரும்படி முடித்தான் என்றும், பின்னர் மூத்தோர்க்குரிய மதிப்புக் கருதிப் பாட்டை மாற்றிப் பாடினான் என்றும் கூறுவர். இந்நிகழ்ச்சியில் ஈற்றடியே பட்டப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே இதனைப் பட்டம் பெற்றதற்குக் காரணமாகக் கொள்ளுதல் இயலாது. பட்டத்திற்குப் பிந்தியதாகவே கொள்ளுதல் வேண்டும். சில மேடைப் பேச்சுகளில் இவ்வரிசை தலைகீழாக்கப்படுவதுண்டு.

இவ்வழக்குகள் நூல்வடிவம் பெற்ற காலமும் நோக்கத்தக்கது. செல்லம்மா பாரதியின் வரலாற்று நூல் 1941இலும், வ. ரா.வின் நூல் 1944இலும், ரா. அ. பத்மநாபனின் சித்திர பாரதி 1957இலும் வெளிவந்தன. பட்ட நிகழ்ச்சிக்கும் இந்நூல்களுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்துள்ளது. அதற்குள் பாரதி மகாகவியாகிவிட்டார். மகாகவியின் குழந்தைப் பருவத்தை நினைவுகூர்வோர், குழந்தையிலேயே மகாகவியைக் காண்பது இயல்பு. இதனால் நினைவுகள் பொய்யாகிவிடா. ஆயினும் அவை சொல்வது சொற்றிறனையும் துணிவையும் பற்றியே அன்றிக் கவித்துவத்தைப் பற்றியன்று என்பதை உணர்தல் வேண்டும். நினைவுகூரப்படும் நிகழ்ச்சிகள் அனைத்தும் சொல்லைப் பிரிக்கும் விரைவினையே போற்றுகின்றன.

4. நெல்லைக் கல்வியும் 1897 விண்ணப்பமும்

1894 முதல் 1897 வரை பாரதி திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்றார். தமிழ் அவையில் பட்டம் பெற்ற சிறுவன் ஆங்கிலக் கல்விக்கூடத்தில் சிறப்புறவில்லை. ஓரிடத்தில் அற்புதம் எனப்பட்ட மாணவன் மற்றோரிடத்தில் கவனமற்றவன் ஆயினான். இளந்திறன் எங்கும் ஒளிவிடும் தனிப்பொருள் அன்று. அதனை அடையாளம் காணும் சூழல் இருந்தால் மட்டுமே அது திறனாக எண்ணப்படும் என்பதற்கு இம்மூன்றாண்டுகள் சான்றாகும்.

1897 சனவரி 24ஆம் நாளிட்டு எட்டயபுர மன்னர் வெங்கடேசுர எட்டப்பர்க்குப் பாரதி எழுதிய செய்யுள் விண்ணப்பம் கிடைத்துள்ளது. காலத்தால் முந்தியதாகக் கிடைக்கும் அவருடைய எழுத்து இதுவே எனக் கொள்வர். அப்போது அவர்க்கு அகவை பதினான்கு. கல்விக்குப் பொருளுதவி வேண்டுதலே அதன் நோக்கம். இளமைப் புலமையின் முதல் எழுத்துச் சான்று ஓர் உதவி வேண்டும் மடலாக அமைந்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. புரவலனை விளித்துப் புகழ்தலும் தன் நிலை கூறுதலும் வேண்டுவது உரைத்தலும் ஆகிய பழைய முறையைச் சிறுவன் நன்கு அறிந்திருந்தான். அவையில் கற்ற சொற்றிறன் வாழ்க்கைத் தேவைக்குப் பயன்பட்ட முறை இதுவாயிற்று.

அவ்வாண்டு சூன் திங்களில் ஏழு அகவைச் சிறுமியாகிய செல்லம்மாவுடன் திருமணம் நிகழ்ந்தது. மறு ஆண்டு சூலையில் தந்தை காலமானார். பதினைந்து அகவையில் பாரதி தாயும் தந்தையும் பொருளும் அற்றவராய், மனைவியை உடையவராய், பட்டத்தைத் தாங்கியவராய் நின்றார். பட்டம் அவருக்கு உணவு தரவில்லை.

5. காசியிலிருந்து மதுரை வரை

அத்தை குப்பம்மாளும் அவர்தம் கணவர் கிருஷ்ண சிவனும் காசியில் வாழ்ந்தனர். அவர்களின் ஆதரவில் 1898 முதல் 1902 வரை பாரதி அங்கே வாழ்ந்து கல்வி கற்றார். அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். வடமொழியும் இந்தியும் ஆங்கிலமும் அவர்க்கு வாய்த்தன. குடுமி நீங்கியது, மீசையும் தலைப்பாகையும் வந்தன. தமிழ் அவையின் பாராட்டு எட்டாத தொலைவில், தாம் பட்டம் பெற்றவர் என்பதை எவரும் பொருட்படுத்தாத பெருநகரில் கழிந்த இந்நான்கு ஆண்டுகள் வரலாறுகளில் சுருக்கமாகவே இடம்பெறுகின்றன. இளந்திறன் முதிர்திறனாக மாறுதற்கு இவ்வடக்கமான காலம் ஆற்றிய பங்கு பெரிதாகலாம்.

எட்டயபுர மன்னரின் அழைப்பால் மீண்டு, சமீனில் பணிபுரிந்தார். இதழ்களைப் படித்துக் காட்டுதலும் உரையாடலும் அப்பணியின் கூறுகள். ஓய்வில் ஷெல்லி முதலிய ஆங்கிலக் கவிஞரைக் கற்றார். ‘ஷெல்லிதாசன்’ என்னும் புனைபெயரையும் பூண்டார். கலைமகள் பெயரை ஊரார் சூட்டினர். ஷெல்லியின் அடியார் என்னும் பெயரை அவரே தேர்ந்தார். தாம் சேர விரும்பும் கவிமரபு அவைக்கு வெளியே உள்ளது என்பதை அப்பெயர் காட்டுகிறது.

1904 சூலையில் மதுரை விவேகபாநு இதழில் ‘தனிமை இரக்கம்’ வெளிவந்தது. அச்சேறிய அவருடைய முதற் கவிதை இது. அப்போது அவர்க்கு அகவை இருபத்தொன்று. பட்டத்திற்கும் முதல் அச்சுக் கவிதைக்கும் இடையே பதினோராண்டுகள் கழிந்துள்ளன. அக்கவிதையின் பொருள் புதியது. காதலியைப் பிரிந்த ஒருவனின் தனிப்பட்ட துயரம் அது. ஆயினும் சொற்கள் அரியன, நடை பண்டிதர்க்குரியது. அவைப் பயிற்சியின் பிடி அதில் இன்னும் தளரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக விளங்கிப் பின் சென்னைக்குச் சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் நாளிதழில் உதவியாசிரியரானார்.

நாளிதழ்ப் பணி அவர்தம் மொழியை மாற்றியது. தந்திச் செய்திகளையும் ஆங்கிலச் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்கும் ஒருவர்க்கு, அறியாத வாசகரை நோக்கி எழுதவேண்டிய கட்டாயம் உண்டு. புரவலர் ஒருவரின் முகக்குறிப்பு இனி அளவுகோல் அன்று. 1905இல் வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த எழுச்சி, பாடுபொருளைத் தந்தது. 1908இல் சுதேச கீதங்கள் நூலாயின. 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வெளிவந்தபோது, எளிய சொல்லும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியமே காலத்தின் தேவை என அதன் முகவுரையில் அறிவித்தார். பதினோராம் அகவையில் அவரைப் பாராட்டிய அவையின் இலக்கணத்திற்கு இது நேர்மாறான கொள்கையாகும்.

இம்மாற்றத்தில் பழைய பயிற்சி முற்றும் வீணாயிற்று எனல் தகாது. சிந்து, கண்ணி, கும்மி, கீர்த்தனை, விருத்தம், அகவல் எனப் பல யாப்பிலும் தடையின்றிச் செல்லும் ஆற்றல் இளமையில் அமைந்த செவிப்பழக்கத்தின் விளைவே. பட்டம் வாங்கித் தந்த வெண்பா அவருடைய புகழ்பெற்ற படைப்புகளில் சிறிய இடமே பெறுகிறது. அவ்வெண்பா பயிற்றிய தாளவுணர்வோ எங்கும் ஊடுருவி நிற்கிறது. விளையாட்டுக்குக் கற்ற கருவி வேறொரு தொழிலுக்கு உதவிற்று.

6. ‘கனவு’: செய்யுளில் ஒரு தன்விசாரணை

1910இல் புதுச்சேரியிலிருந்து பாரதி வெளியிட்ட ‘கனவு’, ஸ்வசரிதை எனவும் வழங்குவது. இளமையைக் கூறவந்த இந்நூலில் பட்டம் பெற்ற பெருமிதம் மையமாக இல்லை. விளையாட்டு மறுக்கப்பட்ட தனிமை, சிறுமி ஒருத்தியின்பால் கொண்ட பிள்ளைக்காதல், நெல்லை ஆங்கிலக் கல்வியின் கொடுமை, இளமை மணம், தந்தையின் வறுமையும் மறைவும் ஆகியவையே அதன் உள்ளடக்கம். ஆங்கிலக் கல்வியால் தந்தையின் பொருள் ஓராயிரம் செலவானதையும், தமக்கு நன்மை எள்ளளவும் விளையாததையும் அவர் சினத்தோடு கூறுகிறார். அக்கல்வி பெற்றோர் கம்பனையும் வள்ளுவனையும் இளங்கோவையும் காளிதாசனையும் அறியாதிருப்பதை எடுத்துக்காட்டுகிறார்.

இந்நூலை ஆவணமாகக் கொள்ளும்போது எச்சரிக்கை தேவை. தமக்கு மணம் நிகழ்ந்த அகவையைப் பாரதி பன்னிரண்டு எனக் குறிக்க, வரலாற்றாசிரியர் தரும் ஆண்டின்படி அது பதினான்காகிறது. கவிதை நாட்குறிப்பு அன்று. இளமையின் சுமையை உணர்த்தும் பொருட்டு அது காலத்தைச் சுருக்குகிறது. ஆயினும் எவற்றைச் சொன்னார், எவற்றைச் சொல்லவில்லை என்பதில் ஐயமில்லை. பிறர் வியந்த இளமையை அவர் இழப்புகளின் வரிசையாகவே நினைவுகூர்ந்தார்.

7. சின்னச் சங்கரன் கதை: உரைநடையில் ஓர் எள்ளல்

சுப்பிரமணிய சிவா நடத்திய ஞானபாநு இதழில் வெளிவந்த ‘சின்னச் சங்கரன் கதை’ இவ்வாய்வுக்கு மிகவும் இன்றியமையாத சான்று. முன்பு விரிவாக எழுதிய கைப்படி தொலைந்துபோக, மீண்டும் எழுதத் தொடங்கிச் சில இயல்களோடு நின்றுவிட்டது அக்கதை. கவுண்டனூர் என்னும் கற்பனைச் சமீனில், சிறு அகவையிலேயே கவி கட்டும் சங்கரன் என்னும் சிறுவனின் வரலாறு அது. கவுண்டனூர் எட்டயபுரத்தையும் சங்கரன் பாரதியையும் நினைவூட்டும் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற கருத்து.

நீண்ட விருதுப் பெயர்களும் சிறிய ஆற்றலும் உடைய சமீன்தார், அவரைச் சூழ்ந்து அவர்தம் மனமறிந்து பேசும் பண்டிதர், பொருளற்ற சிருங்காரப் பாட்டுக்கு எழும் ஆரவாரம் ஆகியவற்றைப் பாரதி நகையாடுகிறார். அந்நகையின் கூர்மை சமீன்தாரோடு நிற்கவில்லை, அச்சிறுவனையும் தீண்டுகிறது. தன் அகவைக்கும் அனுபவத்துக்கும் ஒவ்வாத சிருங்காரத்தை நூல்களிலிருந்து மனப்பாடம் செய்து, அதையே பாட்டாக்கி, மூத்தோரின் பாராட்டைப் பெறும் சிறுவன் பாரதியின் பார்வையில் அற்புதம் அல்லன், இரங்கத்தக்கவன். அவனைக் கொண்டாடும் அவை அவனைக் கெடுக்கிறது. இளந்திறன் எதனைப் பாடுகிறது என்பதைக் கேளாமல் எத்துணை விரைவாகப் பாடுகிறது என்பதை மட்டும் கேட்கும் சூழலே இக்கதையின் எள்ளலுக்கு இலக்காகும்.

எட்டயபுரக் கலைமரபு முழுவதையும் பாரதி இகழ்ந்தார் என்று இதனால் முடிவுகட்டலாகாது. 1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதி மனமுருகி இரங்கற்பா பாடினார். வாழ்நாள் முழுதும் ஒரு கலையைத் தொகுத்துக் காத்த முதியவரின் உழைப்பு அவர்க்குப் போற்றத்தக்கதாய் இருந்தது. அதே ஊரின் பொழுதுபோக்குப் புலமை அவர்க்கு எள்ளத்தக்கதாய் இருந்தது. அவர் மறுத்தது அவையின் ஆரவாரத்தையே. உழைப்பால் அமைந்த கலையை அன்று.

8. பாப்பாப் பாட்டும் சீட்டுக்கவியும்

அதே ஞானபாநு இதழில் 1915இல் ‘பாப்பாப் பாட்டு’ வெளிவந்தது. குழந்தைக்கு அறம் கூற வந்த தமிழ்ச் செய்யுள் மரபு பெரும்பாலும் கற்கவும் அடங்கவும் பணிக்க, இப்பாட்டு ஓடி விளையாடச் சொல்லித் தொடங்குகிறது. தனித்திராமல் கூடி விளையாடச் சொல்கிறது. நாளின் ஒரு பொழுதை விளையாட்டுக்கென ஒதுக்குகிறது. ‘கனவு’ கூறும் தனிமையோடு இதனை இணைத்து நோக்கினால், மறுக்கப்பட்ட ஒன்றை அடுத்த தலைமுறைக்கு வழங்கும் முயற்சியாக இது தோன்றும். சங்கரனுக்குக் கிடைத்தது பாராட்டு. பாப்பாவுக்குக் கிடைப்பது விளையாட்டு. ஒரே இதழில் வெளிவந்த இவ்விரு படைப்புகளும் குழந்தைமை பற்றிய ஒரே சிந்தனையின் இரு முகங்கள் எனலாம்.

1918 இறுதியில் புதுச்சேரியை விட்டு வந்து, கடலூரில் சிறைப்பட்டு விடுதலையான பாரதி, மனைவியின் ஊராகிய கடையத்தில் வாழ்ந்தார். 1919 மே 2ஆம் நாளிட்டு எட்டயபுர மன்னர்க்குச் சீட்டுக்கவி விடுத்தார். பதினான்கு அகவைச் சிறுவன் விண்ணப்பம் எழுதிய அதே மன்னர்க்கு முப்பத்தாறு அகவைக் கவிஞர் மீண்டும் எழுதினார். தேவை மாறவில்லை; குரல் மாறியிருந்தது. உலகு போற்றும் கவிஞர் தமிழ்நாட்டில் இல்லை என்னும் பழி தம்மால் நீங்கியதை அவர் அதில் அறிவித்தார். முதல் மடல் புரவலனின் பெருமையால் தன்னை உயர்த்திக்கொள்ள முயன்றது. இரண்டாம் மடலில் கவிஞரின் பெருமையால் புரவலன் உயர வாய்ப்புப் பெறுகிறான். அம்மடல் பயன் தரவில்லை என்பர் வரலாற்றாசிரியர். 1920இல் பாரதி மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன:

பாரதியின் இளமைப் புலமை எட்டயபுர அவை மரபில் தோன்றியது. ஈற்றடி முடித்தல், சொற்பிரிப்பு முதலிய விதிசார்ந்த திறன்களில் அது வெளிப்பட்டது. பட்டம் பற்றிய வழக்குகள் இடத்தாலும் வழங்கியோராலும் தம்முள் வேறுபடுகின்றன. ஆயின் அனைத்தும் சொற்றிறனையே போற்றுகின்றன.

பட்டத்திற்கும் முதல் அச்சுக் கவிதைக்கும் இடைப்பட்ட பதினோராண்டுகளில் பெற்றோர் இழப்பு, பள்ளித் தோல்வி, காசி வாழ்வு, ஆங்கிலக் கவிதைப் பயிற்சி ஆகியன நிகழ்ந்தன. அதன்பின் வந்த நாளிதழ்ப் பணியும் நாட்டு எழுச்சியும் அவர்தம் மொழியை அவையிலிருந்து மக்களிடம் கொண்டு சென்றன. இளமைப் பயிற்சி யாப்புத் திறனாக எஞ்சி நின்றது. அதன் சுவை நெறியை அவர் கைவிட்டார்.

இம்மாற்றத்தை முதலில் உணர்ந்து மதிப்பிட்டவர் பாரதியே. ‘கனவு’ இளமையின் இழப்பையும், ‘சின்னச் சங்கரன் கதை’ இளம்புலமையைக் கொண்டாடும் அவையின் பொய்ம்மையையும் காட்டின. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பட்ட நிகழ்ச்சியை மட்டும் எடுத்துரைக்கும் வரலாறுகள், அவர் எள்ளிய அவையின் இருக்கையிலேயே அமர்ந்து அவரைப் பாராட்டுகின்றன.

பதினோராம் அகவையில் பட்டம் பெற்றோர் அக்காலச் சமீன் அவைகளில் வேறு பலரும் இருந்திருப்பர். அவர்களுள் பலர் அப்பட்டத்தோடு நின்றுவிட்டனர். பாரதி நிற்கவில்லை என்பதே அவர் வரலாறு.